செய்தியும் செவியும்: முதுகெலும்பிலிகளில் நரம்புப் பெப்டைடு ஏற்பிகளைத் தேடிய வரலாறு

நரம்பு மண்டலத்தைப் பற்றி வகுப்பறையில் விளக்கும்போது மின்கம்பியை உவமையாகக் காட்டுவது நம் வழக்கம். ஒரு நரம்பணுவில் தோன்றும் துடிப்பு அடுத்த நரம்பணுவைச் சென்றடைகிறது, அங்கிருந்து தசையை எட்டுகிறது, கை அசைகிறது. இவ்வுவமை பயனுள்ளதே. எனினும் நரம்பணுக்கள் செய்யும் பணியில் ஒரு பாதியை மட்டுமே அது விளக்குகிறது. கம்பிவழித் துடிப்போடு நில்லாமல், அவை சில அமினோ அமிலங்களைக் கோத்த குறுஞ்சங்கிலிகளையும் உடல்நீர்மத்தில் கலக்கவிடுகின்றன. இச்சங்கிலிகளை நரம்புப் பெப்டைடுகள் என்கிறோம். பசி, உறக்கம், தோலுரித்தல், இனச்சேர்க்கை, முட்டையிடல் முதலிய வாழ்க்கை நிலைகளை நெறிப்படுத்துவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

பெப்டைடு வழிச் செய்திக்கு வானொலி ஒலிபரப்பு பொருத்தமான உவமையாகும். அலை எங்கும் பரவுகிறது. அதனை வாங்கும் பெட்டி உள்ள வீட்டில் மட்டுமே பாட்டுக் கேட்கிறது. அதுபோல, பெப்டைடு உடல் முழுதும் உலவினாலும், அதற்குப் பொருந்தும் புரதத்தைத் தன் சவ்வில் கொண்ட உயிரணுவே அச்செய்திக்கு இணங்கும். அப்புரதத்தைத் தமிழில் ஏற்பி என்று வழங்குகிறோம். இது பொருள் செறிந்த சொல். ஏற்றல் என்பது வாங்குதலை மட்டுமன்றி, ஒப்புக்கொண்டு செயல்படுதலையும் குறிக்கும். ஏற்பியும் அவ்வாறே செய்தியைப் பெற்று, உயிரணுவின் உள்ளே அதனைச் செயலாக மாற்றுகிறது. ஆகவே, ஒரு பெப்டைடின் பொருளை முடிவு செய்வது அதனை ஏற்கும் ஏற்பியே எனலாம்.

இக்கருத்து இன்று பாடநூல்களில் எளிதாக இடம்பெறுகிறது. ஆனால் அறிவியல் இதனை அடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டின் உழைப்பில் பெரும்பகுதி அந்துப்பூச்சி, கரப்பான், மட்டி, நத்தை, பழ ஈ, உருளைப்புழு ஆகிய முதுகெலும்பிலிகளிடத்தே நிகழ்ந்தது. செய்தியை முதலில் கண்டவர்கள் அதனைக் கேட்கும் செவியைக் கண்டடைய எவ்வளவு காத்திருந்தார்கள், அக்காத்திருப்பு நமக்குக் கற்பிப்பது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

மூளை சுரக்கிறது என்னும் எண்ணம்

1917ஆம் ஆண்டில் போலந்து நாட்டு உயிரியலாளர் ஸ்டெஃபான் கோபெச் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஜிப்சி அந்துப்பூச்சியின் கம்பளிப்புழு எவ்வாறு கூட்டுப்புழுவாக மாறுகிறது என்பதே அவருடைய வினா. புழுவின் கடைசித் தோலுரிப்புக்குப் பிந்திய நாள்களில் அதன் மூளையை நீக்கிப் பார்த்தார். குறிப்பிட்ட ஒரு காலக்கட்டத்திற்கு முன்பு நீக்கினால் உருமாற்றம் நிகழவில்லை. அதன் பின்பு நீக்கினால் உருமாற்றம் தடையின்றி நிகழ்ந்தது. புழுவின் உடலை நடுவில் நூலால் இறுக்கிக் கட்டியபோது, கட்டுக்கு முன்னுள்ள பகுதி மட்டும் கூட்டுப்புழுவாயிற்று. நரம்புவடத்தை வெட்டியதோ எவ்வித வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

இவற்றிலிருந்து கோபெச் தெளிவான முடிவுக்கு வந்தார். உருமாற்றத்தைத் தொடங்கிவைப்பது மூளை. அதன் ஆணை நரம்பு வழியாகச் செல்லவில்லை. குருதியில் கலந்து செல்லும் ஏதோ ஒரு பொருளாகச் செல்கிறது. 1922இல் இம்முடிவுகளை ஆங்கிலத்திலும் விரிவாக வெளியிட்டார். மூளையை ஒரு சுரப்பியாகக் கருதும் துணிவு அன்று அறிவியல் உலகில் அரிதாகவே இருந்தது; அவர் கண்டறிந்ததன் முழுப் பொருளும் உணரப்படப் பல ஆண்டுகள் பிடித்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், போலந்தை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியரால் கோபெச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஊகித்த பொருளின் வேதியியல் அமைப்பும் அதன் ஏற்பியும் அவர் காலத்தில் அறியப்படவில்லை.

அதே எண்ணத்தை வேறொரு வழியில் அணுகியவர்கள் எர்ன்ஸ்ட் ஷாரர், பெர்தா ஷாரர் இணையர். 1928இல் எர்ன்ஸ்ட், மீனின் மூளையடியில் சுரப்பணுவைப் போலத் தோற்றமளிக்கும் நரம்பணுக்களைக் கண்டார். நரம்பணு ஒன்று ஒரே நேரத்தில் நரம்பாகவும் சுரப்பியாகவும் இருக்கக்கூடும் என்னும் கருத்து கடும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஐயத்தைப் போக்க ஒப்பீட்டுச் சான்று வேண்டியிருந்தது. எனவே இருவரும் விலங்குலகைப் பங்கிட்டுக்கொண்டனர். முதுகெலும்புள்ளவை எர்ன்ஸ்டுக்கு, முதுகெலும்பிலிகள் பெர்தாவுக்கு.

நாஜி ஆட்சியை ஏற்க மனமின்றி இருவரும் 1937இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றனர். அங்குக் கணவருக்குப் பதவி கிடைத்தது. பெர்தாவுக்கோ நெடுங்காலம் ஊதியமுள்ள பதவி கிடைக்கவில்லை. விலை கொடுத்து விலங்குகளை வாங்க இயலாத நிலையில் கரப்பான் பூச்சி அவருக்குக் கைகொடுத்தது. கரப்பானின் மூளையிலுள்ள சுரப்பு நரம்பணுக்களையும் அவை தம் சுரப்பைச் சேர்த்துவைக்கும் உறுப்பையும் அவர் பொறுமையுடன் ஆராய்ந்தார். பாலூட்டியின் மூளையடியும் பிட்யூட்டரிச் சுரப்பியும் இணைந்து இயங்கும் முறைக்கு ஒப்பான ஓர் அமைப்பு பூச்சியிடத்தும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. 1955இல் நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் அவர் பேராசிரியரானார்.

பொருளைப் பிரித்தெடுத்த காலம்

நரம்பணு சுரக்கிறது என்பது ஏற்கப்பட்டபின், சுரக்கும் பொருள் யாது என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை காண்பது எளிதன்று. ஒரு பூச்சியின் உடலில் உள்ள பெப்டைடின் அளவு மிகமிகச் சிறியது. அதனைத் தூய்மையாகப் பிரித்து, அமினோ அமிலங்களின் வரிசையை அறிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான உயிர்களைத் திரட்ட வேண்டும்.

முதுகெலும்பிலியின் நரம்புப் பெப்டைடுகளுள் முதலில் வரிசை அறியப்பட்டது இறாலின் கண்காம்பிலிருந்து எடுக்கப்பட்டதாகும். இறாலின் செந்நிறமிகளைச் சுருங்கச் செய்யும் அப்பெப்டைடு எட்டு அமினோ அமிலங்களால் ஆனது. 1972இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. அடுத்து, 1975இல் கனடாவைச் சேர்ந்த பிரவுன், ஸ்டாரட் ஆகியோர் கரப்பானின் பின்குடல் தசையைச் சுருங்கச் செய்யும் புரோக்டோலினைப் பிரித்தெடுத்தனர். ஐந்தே அமினோ அமிலங்களைக் கொண்ட இப்பெப்டைடில் 180 மைக்ரோகிராம் பெறுவதற்கு அவர்கள் 1,25,000 கரப்பான்களைப் பயன்படுத்தினர். ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவு அது. 1976இல் வெட்டுக்கிளியின் நெடும்பறத்தலுக்குக் கொழுப்பை விடுவிக்கும் ஹார்மோனின் அமைப்பு தெரியவந்தது. அது இறாலின் நிறமிப் பெப்டைடோடு நெருங்கிய உறவுடையதாக இருந்தது வியப்பளித்தது. ஓர் உயிரில் நிறத்தை மாற்றும் செய்தியும் மற்றோர் உயிரில் பறத்தலுக்கு எரிபொருள் தரும் செய்தியும் ஏறத்தாழ ஒரே சொல்லாக இருந்தன.

1977இல் டேவிட் பிரைஸ், மைக்கேல் கிரீன்பெர்க் இருவரும் கடல் மட்டியின் நரம்புத் திரளிலிருந்து நான்கு அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தனர். அது மட்டியின் இதயத் துடிப்பை வலுப்படுத்தியது. நான்கு அமினோ அமிலங்களின் குறியெழுத்துகளைச் சேர்த்து அதற்கு எஃப்எம்ஆர்எஃப் அமைடு என்று பெயரிட்டனர். மட்டியின் இதயத்தைப் பற்றிய இவ்வாய்வினால் யாருக்கு என்ன பயன் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் உடனடி விடை கூறுவது கடினமாக இருந்திருக்கும். ஆயினும், அதன் உறவுப் பெப்டைடுகள் விலங்குலகம் முழுவதும் பரவியிருப்பது பின்னர்த் தெரியவந்தது. உருளைப்புழுவில் மட்டும் இக்குடும்பத்துக்கு 30க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன.

இவ்வாறு, 1970களில் செய்திகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. ஆனால் அவற்றைக் கேட்கும் செவிகள் அறியப்படாமலே இருந்தன.

ஏற்பிகள் வெளிப்படுதல்

ஏற்பியைப் பிரித்தெடுப்பது பெப்டைடைப் பிரித்தெடுப்பதைவிடக் கடினம். பெப்டைடு நீரில் கரையும்; ஏற்பியோ உயிரணுச் சவ்வின் கொழுப்பில் பொதிந்திருக்கும். பெரும்பாலான பெப்டைடு ஏற்பிகள் அச்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் நெடும்புரதங்கள். சவ்வினின்று பிரித்தால் அவற்றின் உருவமும் செயலும் குலைந்துவிடக்கூடும். ஆகவே, புரதத்தை விடுத்து அதன் மரபணுவைத் தேடும் நுட்பம் வளர்ந்த பின்னரே வழி திறந்தது. 1987இல் ஜப்பானில் நக்கனிஷியின் குழுவினர் பாலூட்டியின் பெப்டைடு ஏற்பி ஒன்றின் மரபணுவைப் பிரித்தனர். அதன் செய்தியை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையணுவில் செலுத்த, முட்டையணு அவ்வேற்பியை உருவாக்கிப் பெப்டைடுக்கு மின்னசைவால் பதிலளித்தது.

இந்நுட்பம் விரைவில் பழ ஈக்கும் பயன்பட்டது. 1991, 1992 ஆண்டுகளில் மைக்கேல் ஃபோர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் பாலூட்டி ஏற்பிகளை ஒத்த இரு மரபணுக்களைப் பழ ஈயில் கண்டனர். அவற்றைச் சோதிக்க அவர்கள் முதுகெலும்புள்ள விலங்குகளின் பெப்டைடுகளையே பயன்படுத்தினர். ஈயின் செவி பாலூட்டியின் சொல்லுக்கும் ஓரளவு இணங்கியது. இவ்விரு குலங்களும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் உறவு அழியவில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

1995இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் வேறு வகையான வியப்பைத் தந்தனர். மட்டியில் கண்ட அந்த நான்கமிலப் பெப்டைடுக்குத் தோட்ட நத்தையில் உள்ள ஏற்பி, ஏழு முறை சவ்வை ஊடுருவும் வகையைச் சேர்ந்ததன்று. அது சோடிய அயனிகளை நேரடியாக உள்ளே விடும் ஒரு வாயிலாக இருந்தது. பெப்டைடினால் நேரடியாகத் திறக்கப்படும் அயனி வாயில் ஒன்று அறியப்பட்டது அதுவே முதன்முறை. சில ஆண்டுகளுக்குப் பின், 2002இல், அதே குடும்பப் பெப்டைடுக்குப் பழ ஈயில் ஏழுமுறை ஊடுருவும் ஏற்பி இருப்பது வெளியாயிற்று. ஒரே சொல்லை நத்தை ஒரு விதமாகவும் ஈ மற்றொரு விதமாகவும் கேட்கின்றன.

இதற்கிடையே, தேடலின் திசையே மாறியது. முன்பு பெப்டைடு கையில் இருந்தது, ஏற்பி தெரியவில்லை. மரபணு வரிசைகள் குவிந்தபோது, ஏற்பி தெரிந்தது. அதற்குரிய பெப்டைடு தெரியவில்லை. இத்தகையவற்றை ஆய்வாளர் அனாதை ஏற்பிகள் என்றனர். அனாதை ஏற்பியை ஓர் உயிரணுவில் வைத்து, பெப்டைடுகளை ஒவ்வொன்றாக அளித்து, எதற்கு அது இணங்குகிறது என்று காண்பதே புதிய முறை. 1999இல் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் இம்முறையில் பழ ஈயின் அனாதை ஏற்பி ஒன்றுக்குரிய பெப்டைடை ஈயின் தலைகளிலிருந்தே பிரித்தெடுத்தனர். 2000இல் பழ ஈயின் முழு மரபணுத் தொகுதி வெளியானதும் இத்தேடல் பெருகியது. கரப்பானில் 1975இல் கண்ட புரோக்டோலினுக்குரிய ஏற்பி 2003இல் பழ ஈயில் கிடைத்தது.

இம்முறை எச்சரிக்கையும் கற்பித்தது. 1998இல் பழ ஈயில் ஓர் ஏற்பி கண்டறியப்பட்டது. அதன் தோற்றம் பாலூட்டிகளின் இனப்பெருக்கத்தை நெறிப்படுத்தும் ஹார்மோனின் ஏற்பியை ஒத்திருந்தது. ஆனால் 2002இல் சோதித்தபோது, அதற்குரிய பெப்டைடு கொழுப்பை விடுவிக்கும் ஹார்மோன் என்று தெரிந்தது. உறவு உண்மையே, பணி வேறு. தோற்ற ஒற்றுமையைக் கொண்டு பணியை முடிவு செய்தல் கூடாது.

ஒரு புழுவும் ஓர் அமினோ அமிலமும்

மாதிரி உயிரிகளின் வரலாற்றில் சிட்னி பிரென்னரின் பெயர் தனித்து நிற்பது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், 1963இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றியபோது, நரம்பு மண்டலத்தை முழுமையாக அறிய ஓர் எளிய உயிர் வேண்டும் என்று கருதி, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவைத் தேர்ந்தார். பிற்காலத்தில் சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வு வளர்ச்சிக்கு நெடுநாள் ஆலோசகராக விளங்கி, 2019இல் இந்நகரிலேயே மறைந்தார். அவர் தேர்ந்த புழுவுக்கு 302 நரம்பணுக்களே உண்டு. அவற்றின் இணைப்புகள் அனைத்தையும் காட்டும் வரைபடம் 1986இல் வெளிவந்தது. 1998 இறுதியில் அதன் மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று. கம்பிகளும் தெரிந்தன, மரபணுக்களும் தெரிந்தன. இனி நடத்தையை எளிதில் விளக்கிவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு இடமிருந்தது.

அதே 1998இல் மரியோ டி போனோ, கொர்னேலியா பார்க்மன் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இப்புழுக்களில் சில வகைகள் உணவின்மீது தனித்தனியே உலவும். சில வகைகள் கூட்டமாகத் திரண்டு உண்ணும். இவ்வேறுபாட்டுக்குக் காரணமானது என்பிஆர்-1 என்னும் ஒரே ஏற்பி மரபணு. அந்த ஏற்பியின் 215ஆம் இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலம் இருந்தால் புழு தனித்து வாழும். ஃபீனைல்அலனின் இருந்தால் கூட்டம் சேரும். ஏற்பியில் ஓர் அமினோ அமிலம் மாறியதும் தனித்து வாழ்வது கூடி வாழ்வதாகிறது. 2003இல் அந்த ஏற்பிக்குரிய பெப்டைடுகள் அறியப்பட்டன. அவை 1977இல் மட்டியின் இதயத்தைத் துடிக்கச் செய்த அதே பெப்டைடுக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கதை இத்துடன் முடியவில்லை. தனித்து வாழும் வகை, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அளவுகோலாகக் கொள்ளப்படும் வகையாகும். அதன் முன்னோர் 1951இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் வளர்க்கும் மட்கு உரத்திலிருந்து எடுக்கப்பட்டனர். 1969இல் உறையவைத்துப் பாதுகாக்கும் வரை, அவை தலைமுறை தலைமுறையாகக் கூடத்து வளர்ப்பில் வாழ்ந்தன. 1998இல், தனித்து வாழ்தலும் கூடி வாழ்தலும் இயற்கையில் உள்ள இரு வேறு வழிகள் எனக் கருதப்பட்டது. 2009இல் பார்க்மன் ஆய்வுக்குழுவினரே மீண்டும் ஆராய்ந்து, வாலின் கொண்ட வடிவம் இயற்கையில் தோன்றியதன்று, ஆய்வுக்கூட வளர்ப்பின்போது தோன்றியது என்று காட்டினர். காட்டுப் புழுக்களின் ஏற்பியில் ஃபீனைல்அலனினே உள்ளது. இயல்பான புழு என்று நாம் கொண்டிருந்தது, தட்டில் வளர்ந்து தட்டுக்கு ஏற்ப மாறிய புழுவாக இருந்தது.

இது அறிவியலின் தோல்வியன்று. தன் முடிவைத் தானே மீண்டும் சோதித்துத் திருத்திக்கொண்ட ஒரு குழுவின் நேர்மைக்கு இது சான்று. மாதிரி உயிரி என்பது இயற்கையின் மாற்றமில்லாத படியன்று என்பதையும் இது உணர்த்துகிறது. அவ்வுயிருக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாதவர் ஆய்வுக்கூடத்தின் தடத்தை இயற்கையின் விதியாகப் படித்துவிடக்கூடும்.

கம்பியில்லா வரைபடம்

302 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் இருந்தும் புழுவின் நடத்தையை முன்கூட்டி அறிய இயலாமைக்கு ஒரு காரணம் இப்போது விளங்கும். கம்பிகளுக்கு வெளியே பெப்டைடுகள் ஓர் உரையாடலை நடத்துகின்றன. அதனை அறிய, எந்தப் பெப்டைடு எந்த ஏற்பியோடு பொருந்தும் என்னும் அகராதி வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர் இதற்கு முனைந்தனர். ஏற்பியையும், ஒளிரும் புரதம் ஒன்றையும் வளர்ப்பு உயிரணுவில் வைத்து, பெப்டைடைச் சேர்த்து, ஒளி தோன்றுகிறதா என்று பார்த்தனர். அவ்வொளிப் புரதம் கடலில் வாழும் இழுதுமீனிலிருந்து பெறப்பட்டது. ஒரு சிற்றுயிரின் பேச்சைப் படிக்க மற்றொரு சிற்றுயிர் விளக்குப் பிடித்தது எனலாம். 2023இல் வெளியான முடிவில், 55,384 இணைகளைச் சோதித்து, 461 பொருத்தங்களை அவர்கள் பட்டியலிட்டனர். அதே ஆண்டில் பெப்டைடு வழி இணைப்புகளின் வரைபடமும் வெளிவந்தது. அது கம்பி வரைபடத்தைவிட மிகவும் செறிந்ததாக இருந்தது.

கோபெச்சின் கதைக்கும் விடை கிடைத்தது. அவர் 1917இல் ஊகித்த மூளை ஹார்மோனின் மரபணு 1990இல் ஜப்பானில் பட்டுப்பூச்சியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் ஏற்பி 2009இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. டார்சோ என்னும் அப்புரதம் புதியதன்று. கருவின் முனைகளை உருவாக்குவதில் அதன் பங்கு பல ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஏழுமுறை ஊடுருவும் வகையையும் அது சேர்ந்ததன்று. செய்தியை ஊகித்த நாளிலிருந்து செவியை அடையாளம் காணும் வரை 92 ஆண்டுகள் சென்றன. செவி எதிரிலேயே இருந்தது. அது எதனைக் கேட்கிறது என்று யாரும் அறியவில்லை.

கற்பிப்போர் கவனத்திற்கு

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பறைக்கு மூன்று கருத்துகளை எடுத்துச் செல்லலாம்.

முதலாவது, பெப்டைடுக்குத் தன்னளவில் நிலையான பொருள் இல்லை. மட்டியில் இதயத்தையும் புழுவில் கூட்டுறவையும் ஒரே குடும்பப் பெப்டைடுகள் நெறிப்படுத்துகின்றன. இந்த ஹார்மோன் அன்புக்கு, அந்த ஹார்மோன் மகிழ்ச்சிக்கு என்று நாளிதழ்களில் காணும் எளிய கூற்றுகளை மாணவர் ஐயுற்று நோக்க இது போதிய காரணமாகும். எந்த உயிரில், எந்த உயிரணுவில், எந்த ஏற்பியின் வழியாக என்று கேட்கும் பழக்கத்தை அவர்களிடம் வளர்க்க வேண்டும்.

இரண்டாவது, பயன் உடனே தெரியாத ஆய்வை இகழ்தல் கூடாது. கரப்பானின் பின்குடலையும் மட்டியின் இதயத்தையும் ஆராய்ந்தோர் அடுத்த தலைமுறையின் வினாக்களை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஆயினும், அவர்கள் துல்லியமாகப் பதிவு செய்த சிறு உண்மைகள் இல்லையெனில் பிற்கால அகராதியில் சொற்களே இருந்திரா.

மூன்றாவது, நாம் கையாளும் கருவியின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். ஆய்வுக்கூடப் புழு நமக்குப் பல உண்மைகளைக் கற்பித்தது. தன்னைப் பற்றிய ஓர் உண்மையை மட்டும் 58 ஆண்டுகள் கழித்தே வெளியிட்டது. பாடநூலில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், எந்த உயிர், எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் மனிதன் கையில் வளர்ந்தது என்னும் வினாக்கள் உள்ளன. அவ்வினாக்களை எழுப்பக் கற்ற மாணவர், தாம் எத்துறைக்குச் சென்றாலும், கண்டதைக் கண்டவாறு எழுதவும் எழுதியதை மீண்டும் சோதிக்கவும் தயங்கமாட்டார்.